காயல் துறையின் குதிரை வணிகர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான்

நம் சங்கத்துக் குடும்பங்களின் பழைய திருமணப் பத்திரிகைகளையும் கடவுச்சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தால், பாட்டனார் பெயருக்குப் பின்னால் ராவுத்தர் என்றோ மரைக்காயர் என்றோ ஒரு சொல் இருப்பதைக் காணலாம். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்கு அதன் பொருள் தெரியாது. மரைக்காயர் என்றால் மரக்கலம் செலுத்தியவர் என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்திருப்பார். ராவுத்தர் என்றால் குதிரை வீரர். சாலியா கடையிலும் சில்லறைக் கடையிலும் உழைத்த நம் பாட்டனாருக்குக் குதிரையோடு என்ன தொடர்பு என்று ஒரு பேரன் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் தாமிரபரணி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சென்று சேருவோம். அங்கே 700 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வணிகர் வாழ்ந்தார். அரபுக் குதிரைகளைக் கப்பல் கப்பலாக இறக்கி, பாண்டிய மன்னரின் அமைச்சராகவும் உயர்ந்து, அந்த மண்ணிலேயே அடக்கமானவர். அவர் பெயர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான். பொன்விழாக் காணும் இவ்வேளையில், கடல் கடந்து வந்து வணிகம் செய்து வேரூன்றிய அந்த முன்னோரை நினைவுகூர்வது பொருத்தமாக இருக்கும்.

காயல் என்னும் சிற்றூர்

இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்று அடுத்தடுத்து ஊர்கள் உள்ளன. இவற்றில் பழையகாயல் இப்போது கடலைவிட்டு விலகி, உப்பளமும் வயலும் சூழ்ந்த சிற்றூராக இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் நிலைமை வேறு. பாண்டிய நாட்டின் தலைவாசல் அதுதான். சங்ககாலத்துக் கொற்கை ஆற்று மண்ணால் மேடிட்டு உள்ளே ஒதுங்கிய பிறகு, வணிகம் கீழே இறங்கிக் காயலுக்கு வந்தது. முத்துக்குளிப்பும் அந்தக் கடலில்தான் நடந்தது.

பிஷப் கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் இந்த இடத்தை ஆராய்ந்தபோது, சீனப் பீங்கான் ஓடுகள் மண்ணில் சிதறிக் கிடப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார். அரபு நாணயங்களும் அங்கே கிடைத்தன. ஒரு பக்கம் சீனம், மறுபக்கம் அரபு நாடுகள். இரண்டுக்கும் நடுவில் அந்தச் சிற்றூர்.

1290களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் தென்னகத்தைப் பார்த்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவும் காயலைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளையும் பிற சரக்குகளையும் ஏற்றிவரும் கப்பல்கள் எல்லாம் இந்தத் துறையைத் தொட்டுத்தான் போகும் என்கிறார். அங்கு ஆண்ட மன்னர் வணிகர்களிடம் நியாயமாக நடந்துகொண்டார், அதனால்தான் அவர்கள் விரும்பி வந்தார்கள் என்ற குறிப்பையும் அவர் விட்டுச் சென்றிருக்கிறார்.

சகோதரர் இருவர்

தகியுத்தீனின் குடும்பம் தீபி என்ற பட்டப்பெயர் கொண்டது. பாரசீக வளைகுடாவில் உள்ள கிஷ் தீவுதான் அக்குடும்பத்தின் வணிகத் தலைமையிடம். அவருடைய சகோதரர் ஜமாலுத்தீன் இப்ராஹிம் அந்தத் தீவை ஆண்டார். மலிக்குல் இஸ்லாம் என்ற பட்டம் பெற்றவர். பாரசீகத்தை அப்போது ஆண்டுகொண்டிருந்த மங்கோலியர்களிடம் ஃபார்ஸ் மாகாணத்தின் வரிவசூலைக் குத்தகைக்கு எடுக்கும் அளவுக்குச் செல்வம் படைத்தவர்.

அண்ணன் தம்பி ஒரே தொழிலை இரண்டு ஊர்களில் நடத்துவது நமக்குப் புதிதல்ல. ஒருவர் ஊரில் இருந்து சரக்கு அனுப்புவார், மற்றவர் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ கடையைப் பார்ப்பார். நம் பாட்டனார்கள் அப்படித்தான் தொழில் செய்தார்கள். அந்த இரு சகோதரர்களும் அதையே பெரிய அளவில் செய்தார்கள். ஜமாலுத்தீன் கிஷ் தீவில் இருந்தார். தகியுத்தீன் காயலில் இருந்தார். நடுவில் இருந்த கடலைப் பருவக்காற்று இணைத்தது. தென்மேற்குக் காற்று குதிரைகளைக் கொண்டுவந்தது. வாடைக்காற்று முத்தையும் மிளகையும் துணியையும் சீனச் சரக்கையும் கொண்டுபோனது.

இவர்களைப் பற்றி நமக்குச் சொல்பவர் வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர். ஷீராஸ் நகரத்தவர். கிட்டத்தட்ட அதே காலத்தில் வாழ்ந்தவர். பாண்டிய நாட்டையும் சோழ மண்டலக் கரையையும் அரபு மாலுமிகள் மஃபர் என்று அழைத்தார்கள். கொல்லத்திலிருந்து நெல்லூர் வரை நீளும் அந்தக் கரையின் மன்னர் சுந்தர பாண்டியருக்குத் தகியுத்தீன் பிரதிநிதியாகவும் அமைச்சராகவும் ஆலோசகராகவும் இருந்தார் என்று அவர் எழுதுகிறார். காயலோடு ஃபத்தன், மலிஃபத்தன் என்ற இன்னும் இரு துறைகளும் தகியுத்தீனின் பொறுப்பில் விடப்பட்டிருந்தன.

சீனாவிலிருந்தும் இந்தியாவின் பிற துறைகளிலிருந்தும் வரும் சரக்கில் முதலில் தெரிவு செய்யும் உரிமை தகியுத்தீனின் முகவர்களுக்கு இருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட பிறகுதான் மற்ற வணிகர்கள் கை வைக்க முடியும். அப்படித் தெரிந்தெடுத்த சரக்கு கிஷ் தீவுக்குப் போகும். அங்கே ஜமாலுத்தீனின் முகவர்கள் முதலில் எடுப்பார்கள். ஒரே குடும்பம் கடலின் இரு கரைகளிலும் வாசலில் நின்றது என்றுதான் சொல்ல வேண்டும்.

குதிரைக் கணக்கு

பாண்டியர்களுக்கு ஏன் இவ்வளவு குதிரைகள் வேண்டியிருந்தன? அப்போது மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். சோழப் பேரரசு 1279ஆம் ஆண்டோடு முடிந்திருந்தது. ஹொய்சளரோடும் பிறரோடும் போட்டி இருந்தது. யானைப் படை மட்டும் போதாது, வேகமாகச் சென்று தாக்கும் குதிரைப் படை வேண்டும். ஆனால் தமிழ்நாட்டின் வெப்பத்திலும் புல்லிலும் நல்ல போர்க்குதிரைகள் பெருகவில்லை. ஆகவே ஆண்டுதோறும் கடல் வழியாக வாங்கியே தீர வேண்டும்.

இது அதற்கும் முன்பிருந்தே உள்ள தேவை. குதிரைச் செட்டி என்ற பெயர் தமிழ்க் கல்வெட்டுகளில் வருகிறது. பாண்டியன் கொடுத்த பொன்னோடு குதிரை வாங்கப் புறப்பட்ட அமைச்சர் மாணிக்கவாசகரின் கதையைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. அருணகிரிநாதர் முருகனையே ராவுத்தன் என்று அழைத்துப் பாடியிருக்கிறார். குதிரையேறி வந்த மனிதர்கள் தமிழ் மக்களின் மனத்தில் எவ்வளவு மதிப்போடு இடம்பிடித்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வஸ்ஸாஃப் தரும் கணக்கு இது. ஜமாலுத்தீன் தம்முடைய சொந்த வளர்ப்பிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகளைக் கிஷ் தீவிலிருந்து அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். அவை தவிர கத்தீஃப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹோர்முஸ், கல்ஹாத் ஆகிய இடங்களிலிருந்து முடிந்த அளவு குதிரைகள் வர வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் 220 செம்பொன் தீனார் விலை. ஜமாலுத்தீனின் குதிரைகளுக்கு மட்டும் ஆண்டுக்கு 3,08,000 தீனார் ஆகிறது. அதற்கு முன் ஃபார்ஸ் நாட்டை ஆண்ட அதாபேக் அபூபக்கர் காலத்தில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் மஃபருக்கும் அதை அடுத்த துறைகளுக்கும் போயின என்றும், அவற்றின் விலை 22,00,000 தீனார் என்றும் அவர் எழுதுகிறார்.

இந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை கவனிக்கத்தக்கது. கடற்பயணத்தில் குதிரை காயம் பட்டாலும் இறந்தாலும், அதன் விலையை அரசுக் கருவூலம் கொடுத்துவிட வேண்டும்.

கேட்டவுடன் இது வணிகருக்கு மட்டுமே சாதகமான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்துக் கப்பலை நினைத்துப் பாருங்கள். ஹோர்முஸ் துறையின் கப்பல்களில் இரும்பு ஆணி கிடையாது. தென்னை நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டியிருப்பார்கள். மேல்தளமும் கிடையாது. கீழே சரக்கை அடுக்கி, அதன்மேல் தோலை விரித்து, அதன்மேல் குதிரைகளை நிறுத்திக் கொண்டுவருவார்கள். அந்தக் கப்பல்கள் பல கடலில் மூழ்கிப்போயின என்று போலோ எழுதுகிறார். இழப்பு முழுவதும் வணிகர் தலையில் விழுமானால், இரண்டு பயணத்தில் அவர் கடையைக் கட்டிவிடுவார். குதிரையும் வராது. இழப்பை அரசு ஏற்றுக்கொண்டதால்தான் ஆண்டுதோறும் கப்பல்கள் தவறாமல் வந்தன. இன்று நாம் காப்புறுதி என்று சொல்வதை அன்று மன்னரின் வாக்கே செய்தது.

அந்த வாக்கு நிலைக்க வேண்டுமானால் எதிர்ப்பக்கத்தில் நாணயம் வேண்டும். நடுக்கடலில் இறந்த குதிரையை மன்னர் போய்ப் பார்க்க முடியாது. வணிகர் சொல்லும் கணக்கைத்தான் நம்ப வேண்டும். அந்தக் கணக்கு வந்து சேரும் துறையின் பொறுப்பாளராக அந்நிய நாட்டிலிருந்து வந்த, வேறு சமயத்தைச் சேர்ந்த ஒருவரைப் பாண்டியர் அமர்த்தினார். விற்பவரின் சகோதரரையே வாங்குபவரின் அமைச்சராக வைத்துக்கொண்டார் என்றால், அந்த நம்பிக்கை எப்படிப்பட்டதாக இருந்திருக்க வேண்டும்!

மனத்தை நெருடும் ஒரு செய்தி

முன்னோரைப் பற்றி எழுதும்போது பெருமையை மட்டும் எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் இந்தக் குதிரை வணிகத்தில் நம்மை உறுத்தும் ஒரு செய்தியும் இருக்கிறது.

வந்திறங்கிய குதிரைகள் நீண்ட நாள் வாழவில்லை. வறுத்த வாற்கோதுமையும் நெய்யில் கலந்த தானியமும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைத்து, 40 நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டிவைப்பார்கள் என்கிறார் வஸ்ஸாஃப். குதிரை கொழுத்துவிடும். பிறகு பழக்காமல், சேணமும் அங்கவடியும் சரியாக இல்லாமல் விரட்டி ஓட்டுவார்கள். சிறிது காலத்தில் மிகச் சிறந்த குதிரையும் சோர்ந்து பயனற்றுப் போய்விடும். மன்னரும் அவருடைய நான்கு சகோதரர்களும் ஆளுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை என்று போலோ சொல்கிறார். வெயிலும் ஒவ்வாத தீனியும் ஒரு காரணம். லாடம் அடிக்கவும் நோய் பார்க்கவும் தெரிந்தவர்கள் அங்கே இல்லாதது மற்றொரு காரணம்.

அப்படித் தெரிந்தவர்களைக் குதிரை வணிகர்கள் உடன் அழைத்து வருவதில்லை, வர விடுவதும் இல்லை என்பது போலோவின் குற்றச்சாட்டு. குதிரை இறந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்பனை நடக்கும்!

இந்தப் பழி குதிரை வணிகர் அனைவர்மீதும் பொதுவாகச் சொல்லப்பட்டது. ஆனால் காயல் துறைக்குப் பொறுப்பாளராக இருந்தவரின் வாழ்க்கையை எழுதும்போது அதை மறைப்பது முறையாகாது. விற்கும் பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்றும், வாயில்லா ஜீவனிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்றும் நம் மார்க்கம் கற்பிக்கிறது. கணக்கில் ஒரு தீனார் பிசகாமல் நடந்துகொள்வது நாணயத்தின் ஒரு பாதி. வாங்கியவருக்கு அந்தப் பொருள் பயன்பட வேண்டும் என்று கவலைப்படுவது மற்றொரு பாதி. முதல் பாதியில் அந்த வணிகர்கள் மன்னரின் நம்பிக்கையைப் பெற்றார்கள். இரண்டாம் பாதியில் அவர்கள் தவறியிருந்தால், அது நமக்கும் ஒரு பாடம். இன்று நம் பிள்ளைகள் குதிரை விற்பதில்லை. ஆனால் கைத்தொலைபேசி விற்கிறார்கள், காப்புறுதி விற்கிறார்கள், வீடு விற்கிறார்கள். வாங்குபவருக்குத் தெரியாததை வைத்து லாபம் பார்க்கலாமா என்ற கேள்வி அவர்கள் முன்னாலும் ஒவ்வொரு நாளும் வந்து நிற்கிறது.

தந்தைக்குப் பின்

ஹிஜ்ரி 702ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1302 அல்லது 1303இல், தகியுத்தீன் வஃபாத்தானார். வாழ்நாள் முழுவதும் அவர் கட்டிக்காத்த நம்பிக்கைக்கு அப்போதுதான் சோதனை வந்தது. பெருஞ்செல்வம் சேர்த்த ஒருவர் கண்மூடியதும் அந்தச் செல்வத்தின்மீது அரசரின் பார்வை விழுந்தது. அவருடைய சொத்துகளை எடுத்துக்கொள்ள மன்னர் எண்ணினார். மகன் சிராஜுத்தீன் 2,00,000 தீனார் செலுத்தி மன்னரைச் சமாதானப்படுத்தி, தந்தையின் சொத்தையும் பதவியையும் காப்பாற்றிக்கொண்டார்.

இந்தச் செய்தியைப் படிக்கும்போது, கடை வைத்து நடத்திய தந்தை இறந்த பிறகு உரிமம், வாடகை, கடன், பங்காளி என்று அல்லாடிய குடும்பங்கள் நம்மில் பலருக்கு நினைவு வரலாம். நம்பிக்கை என்பது ஆளோடு போய்விடக்கூடியது. தந்தை சம்பாதித்த நல்ல பெயரை மகன் மீண்டும் ஒருமுறை விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. 1302இலும் அப்படித்தான் இருந்தது.

அக்குடும்பத்தின் மற்றொரு பிள்ளையின் கதை நம் கடலோடு தொடர்புடையது. ஜமாலுத்தீனின் மகன் ஃபக்ருத்தீன் அகமது. பாரசீகத்தை ஆண்ட காஸான் கானின் தூதராக அவர் ஹிஜ்ரி 697இல் சீனப் பேரரசர் தைமூர் கானின் அவைக்கு அனுப்பப்பட்டார். நாம் இன்று வாழும் இந்த நீரிணைதான் அக்காலத்தில் சீனக் கப்பல்களின் பாதை. மலாக்கா என்ற நகரம் உருவாவதற்கு இன்னும் 100 ஆண்டுகள் இருந்தன. சீனத்தில் சில ஆண்டுகள் தங்கியிருந்து, வேலையை முடித்துக்கொண்டு திரும்பினார். மஃபர் கரைக்கு இரண்டு நாள் தூரம் இருக்கையில், ஹிஜ்ரி 704இல், அவர் உயிர் பிரிந்தது. அவரைத் தகியுத்தீனின் கப்ருக்கு அருகில் அடக்கம் செய்தார்கள்.  இரண்டு ஆண்டுகள் கழித்து, 1306இல், தந்தை ஜமாலுத்தீனும் காலமானார்.

பிறந்த நாட்டுக்குத் திரும்ப முடியாமல் வழியில் இறந்தவரைச் சொந்தக்காரரின் கப்ருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்வது. வெளிநாடு வந்த எத்தனை குடும்பங்கள் இதைக் கண்டிருக்கின்றன! நம் கப்ருஸ்தான்களில் வரிசையாகத் துயில்பவர்களில் எத்தனை பேர் ஊருக்கு ஒருமுறை போய் வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனவர்கள்!

எஞ்சியது என்ன?

தகியுத்தீன் மறைந்து பத்தாண்டுகள் ஆவதற்குள் பாண்டிய நாடு உட்பகையில் சிதறியது. 1311இல் மாலிக் கஃபூரின் படை மதுரைக்கு வந்தது. காயல் துறை அதற்குப் பிறகும் வாழ்ந்தது. 15ஆம் நூற்றாண்டில் செங் ஹோவின் சீனக் கப்பல்களும் அங்கே போயின. பின்னர் ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது. கடல் விலகியது. கப்பல்கள் வேறு துறைகளைத் தேடிப் போயின.

தகியுத்தீன் கட்டிய மாளிகை என்று காட்ட இன்று எதுவும் இல்லை. அவருடைய குதிரைகள் எல்லாம் அவர் காலத்திலேயே அழிந்தன. ஆனால் தமிழ் மண்ணில் நம் முன்னோர் வாளோடு வந்து இறங்கியவர்கள் அல்லர், சரக்கோடும் கணக்கோடும் வந்து, வேற்றுச் சமயத்து மன்னரின் நம்பிக்கையைப் பெற்றுக் குடியேறியவர்கள் என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சியாக நிற்கிறது. பாண்டியர் கல்வெட்டுகளில் சோனகர் பள்ளிக்குக் கொடை அளித்த செய்தி வருவதும் அந்த நல்லுறவின் அடையாளம்தான்.

பேரன் கேட்டால் இனி நாம் சொல்லலாம். ராவுத்தர் என்பது குதிரையோடு வந்த பெயர். உன் பாட்டனாரின் பாட்டனார் குதிரை ஏறினாரோ இல்லையோ, குதிரையை நம்பிக் கடல் கடந்து வந்த ஒரு பெரிய கூட்டத்தின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. அவர்கள் அந்நிய மண்ணில் வாக்கைக் காப்பாற்றி வாழ்ந்தார்கள், சில இடங்களில் தவறியும் இருக்கலாம். அந்தப் பெயரைச் சுமப்பவன் அவர்களுடைய நாணயத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், தவற்றை விட்டுவிட வேண்டும்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தச் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்களும் அப்படிக் கடல் கடந்து வந்தவர்களே. அவர்களில் பலர் இன்று நம்மிடையே இல்லை. காயலில் துயிலும் அந்தப் பழைய வணிகருக்காகவும், இம்மண்ணில் துயிலும் நம் பெரியவர்களுக்காகவும், அவர்களின் பிழைகளைப் பொறுத்து நற்செயல்களை ஏற்றுக்கொள்ளுமாறு வல்ல அல்லாஹ்விடம் இறைஞ்சுவோம். ஆமீன்.